ஜெபிக்க வார்த்தை வராத நாட்களுக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். வேறு யாராவது வாசித்தாலும் புரியவேண்டும் என்பதால் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருடமாக டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று முறை. அவர் ஓட்டிக்கொண்டிருந்த லோடு வண்டியை விற்றாகிவிட்டது, கடன் இருக்கிறது, இரண்டு பெண்பிள்ளைகள். சபையில் "விசுவாசித்தால் சுகம்" என்றார்கள், சுகம் வராததால் இப்போது உங்கள் விசுவாசத்தையே சந்தேகப்படுகிறார்கள். ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை, கோபமும் அழுகையும்தான் வருகிறது. "கஷ்டத்தில் விசுவாசம் பெலன் தரும்னு சொல்றாங்களே அக்கா, அந்தப் பெலன் எங்கே இருக்கு, எப்படி வாங்கிக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், பத்து வயது மூத்தவள் "ஏசப்பா ஏன் அப்பாவைச் சுகமாக்கலை" என்று கேட்கிறாள், அவளுக்கு என்ன சொல்வது என்றும்.

நான் போதகர் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக வேதபாட வகுப்பு எடுத்தவள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இப்போதும் வேத ஆராய்ச்சி நடத்துகிறவள். அதைவிட முக்கியமாக, வாய்ப்புற்றுநோய் வந்த கணவரை 14 மாதம் கூட இருந்து பார்த்துக்கொண்டு அப்புறம் அடக்கம் செய்தவள். அதனால் உங்களுக்கு ஆறுதல் வசனம் நாலு எழுதி முடித்துவிட எனக்கு மனசு வராது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். வார்த்தை வராமல் கோபமும் அழுகையும் வருகிறது என்றீர்களே, அது ஜெபம் நின்றுபோனதற்கு அடையாளம் இல்லை, அதுதான் இப்போதைக்கு உங்கள் ஜெபம். நான் சும்மா தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, வேதத்தில் இருக்கிறது. சங்கீதம் 13-ஐ எடுத்துப் பாருங்கள், ஆறே வசனம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது, முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே நாலு தடவை "எதுவரைக்கும்" வந்துவிடும். இதை எழுதினவரை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை, பாட்டுப் புத்தகத்திலேயே சேர்த்து, கோயிலில் பாடும்படி இராகத்தலைவனிடம் ஒப்புக்கொடுத்தார்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுதான். ஆனால் நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் 23-ஐயும் 91-ஐயும் 121-ஐயும் திரும்பத் திரும்ப வாசித்து, மற்றதைத் தாண்டிப் போய்விடுகிறோம், அதனால்தான் நம் வாயில் முறையிடுகிற பாஷையே இல்லாமல் போனது என்று நினைக்கிறேன்.

முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரியில் வந்து நிற்கும், 13-ம் அப்படித்தான். ஆனால் 88-ஐ வாசித்துப் பாருங்கள். அது எங்குமே வெளிச்சத்துக்கு வருவதில்லை. சிநேகிதனும் தோழனும் தூரமாகிவிட்டார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள், அதோடு முடிந்தது. எபிரெய மூலத்தில் கடைசிச் சொல்லே இருள்தான். "ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று ஒரு வரி ஒட்டி முடித்துக்கொடுக்க யாரும் முயற்சி செய்யவில்லை, அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் படுத்திருந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது இந்த 88-தான். இருட்டில் இருந்துகொண்டே, இருட்டைப் பற்றியே, ஆனால் கர்த்தரிடமே ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். கவனியுங்கள், பேச்சு அவரிடம்தான். புகார் இருக்கிறது, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. விசுவாசம் என்று நான் இப்போது சொல்வது இந்த ஒன்றைத்தான்.

இயேசு சிலுவையில் சொன்னது என்ன? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" சங்கீதம் 22-ன் முதல் வரி. அவருக்கே அந்த நேரத்தில் சொந்த வார்த்தை தேவைப்படவில்லை, சின்ன வயதில் மனப்பாடம் செய்த பழைய வார்த்தையைக் கடன் வாங்கினார். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தை என்று வருஷா வருஷம் கேட்கிறோம், ஆனால் அதே கேள்வியை நம் வீட்டு மனுஷி ஒருத்தி கேட்டால் "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயைப் பொத்துகிறோம். இது சரியில்லை தங்கச்சி. ஆண்டவர் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்கலாம்.

சரி, அந்த "விசுவாசித்தால் சுகம்" விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களை அதிகமாகக் காயப்படுத்தியது வியாதியைவிட அதுதான் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் வீட்டில் அந்த வருஷம் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அதாவது அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு என்று எடுக்கிற வசன அட்டை, சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். பிப்ரவரியில் வியாதி தெரிந்தது. வந்தவர் போனவரெல்லாம் அந்த அட்டையைக் காட்டி "பாருங்க, கர்த்தர் முன்னாடியே சொல்லிட்டார்" என்றார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வருஷம் ஏப்ரலில் அவர் போய்விட்டார். அடக்க ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அட்டை அப்படியே மாட்டியிருந்தது, எனக்கு அதைக் கழற்றவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. இடையில் வெளியூரிலிருந்து வந்த ஒரு ஜெபக்குழு, வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் தடை என்று சொல்லிவிட்டுப் போனது வேறு. அவர் வலியில் புரண்டுகொண்டே அன்று ராத்திரி முழுக்க தன் சின்ன வயதுப் பாவங்களையெல்லாம் யோசித்து யோசித்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ராத்திரியை நான் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு வேதம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் உட்கார்ந்து தேடினேன். யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான், யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா. இரண்டும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவிடம் அவர் நண்பர்கள் அத்தியாயம் அத்தியாயமாக "உன் பாவம்தான்" என்று வாதாடினார்கள், யோபு பிறந்த நாளையே சபித்தார், கடவுளையே வழக்குக்குக் கூப்பிட்டார். கடைசி அத்தியாயத்தில் கர்த்தர் கோபப்பட்டது யார் மேல்? நண்பர்கள் மேல். என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். கடவுளுக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்தவர்கள் தப்பாகப் பேசினார்கள், கடவுளிடம் சண்டை போட்டவர் சரியாகப் பேசினார் என்று அவரே தீர்ப்புச் சொல்கிறார்.

விசுவாசம் இருந்தால் சுகம் நிச்சயம் என்றால் பவுலுக்கு என்ன குறை? தன் சரீரத்தில் இருந்த ஒரு வேதனையை அவர் முள் என்கிறார், மூன்று தடவை வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. 2 தீமோத்தேயு 4:20-ஐ யாரும் பிரசங்கிப்பதில்லை, ஒரே வரிதான், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்கிறார். அப்போஸ்தலர், கூடவே நடந்த உடன் ஊழியர், வியாதியோடு விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. கர்த்தர் சுகமாக்குகிறவர் என்று நான் நம்புகிறேன், உங்கள் வீட்டுக்காரருக்காக அப்படியே ஜெபிக்கவும் போகிறேன். ஆனால் அது நம் விசுவாசத்தைத் தராசில் வைத்துக் கொடுக்கிற கூலி இல்லை.

வாக்குத்தத்த வசனங்களில் நம் ஊரில் அதிகம் புழங்குவது எரேமியா 29:11 என்று நினைக்கிறேன், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கலாம். அந்த வசனம் எங்கே எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு அது முன்னைவிட நெருக்கமானது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதின கடிதம். அதற்கு முந்தின அத்தியாயத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அறிவிக்கிறான், பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான், ஜனங்களுக்குக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும். எரேமியா முதலில் சொன்ன வார்த்தை எது தெரியுமா, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக". அவருக்கும் ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை. உண்மையை அந்தக் கடிதத்தில் எழுதுகிறார்: 70 வருஷம் ஆகும். அதுவரை வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் அந்த 11-ம் வசனம் வருகிறது. கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் ரொம்பப் பேர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது, கணக்குப் போட்டாலே தெரியும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று சொல்லப்பட்டது.

உங்களுக்கு யாராவது தேதி குறித்துச் சுகம் அறிவித்தால், அனனியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆமென் சொல்லுங்கள், எரேமியாவும் சொன்னார். ஆனால் அடுத்த டயாலிசிஸுக்குப் போய்விடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், "விசுவாசத்தைக் காட்ட" மருந்தை நிறுத்து, டயாலிசிஸை நிறுத்து என்று யார் சொன்னாலும், மேடையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கேட்காதீர்கள். டயாலிசிஸை நிறுத்தினால் உயிர் தாங்குவது நாட்கணக்கில்தான். பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர், பிரியமான வைத்தியன் என்றே பவுல் எழுதுகிறார்.

அப்புறம் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி, அந்தப் பெலன் எங்கே இருக்கிறது.

நான் ரொம்ப நாள் அதை ஒரு உணர்ச்சி என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தேன். ஜெபித்து எழுந்தால் உள்ளே ஏதோ நிரம்பினமாதிரி இருக்கவேண்டும், பயம் போகவேண்டும் என்று. சில நாள் அப்படி இருந்தது, பல நாள் இல்லை. இப்போது திரும்பிப் பார்த்தால், பெலன் என்று எனக்கு வந்ததெல்லாம் வந்த நேரத்தில் பெலனாகத் தெரியவே இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த உணவு, மன்னா, ஞாபகம் இருக்கிறதா, யாத்திராகமம் 16. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று பொறுக்கவேண்டும், ஓய்வுநாளுக்கு முந்தின நாளைத் தவிர, நாளைக்கு என்று எடுத்துவைத்தால் புழுத்து நாறும். மொத்தமாகச் சேர்த்துவைக்க வழியே கிடையாது. கர்த்தருடைய ஜெபத்திலும் "இன்று" என்றுதான் கேட்கிறோம். உங்களுக்கு இந்தக் கணக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும், செவ்வாய்க்கிழமை சுத்தமான இரத்தம் வியாழக்கிழமை வரைதான் தாங்கும், வியாழன் மறுபடி போய் உட்காரவேண்டும். உங்கள் பெலனும் அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷம் எப்படித் தாங்குவேன் என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டால் பதில் இருக்காது, ஏனென்றால் அந்த இரண்டு வருஷத்துக்கான மன்னா இன்னும் விழவில்லை. அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் கேளுங்கள்.

பெலன் எந்த உருவத்தில் வரும் என்பதற்கு 1 இராஜாக்கள் 19-ஐவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். சாகவேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை, ஏன் இந்த அவிசுவாசம் என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். தின்றுவிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் தடவையும் எழுப்பி, சாப்பிடு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்றான். தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. கர்த்தர் அவரோடு பேசின அந்த அமர்ந்த மெல்லிய சத்தமெல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அவர் டயாலிசிஸில் இருக்கிற நாலு மணி நேரமும் அந்த வராண்டாவில் வெறும் டீயோடு உட்கார்ந்திருப்பீர்கள் என்று என் மனசு சொல்கிறது. அந்த நேரத்தில் ஒரு நாளாவது யாரையாவது உட்காரவைத்துவிட்டு வீட்டில் போய்த் தூங்குங்கள், அதுவும் ஆவிக்குரிய காரியம்தான். எலியா கேட்டதுபோல "போதும், எடுத்துக்கொள்ளும்" என்ற எண்ணம் உங்களுக்கும் வந்தால், ஒளித்துவைக்க வேண்டாம், 14416 என்று அரசாங்கத்தின் டெலி-மானஸ் எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அப்படிப் பேசுவது விசுவாசக்குறைவு இல்லை.

இன்னொரு உருவம் மனுஷர்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு", பிலிப்பியர் 4:13, ஸ்டிக்கரில் ஒட்டாத பைக் கிடையாது. பவுல் இதை எழுதினது சிறையிலிருந்து, அதுவும் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு. அடுத்த வசனத்தை வாசிக்கிறோமா? ஆனாலும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னோடு உடன்பட்டது நலமாயிருக்கிறது என்கிறார். எப்பாப்பிரோதீத்து கையில் பிலிப்பி சபை கொடுத்தனுப்பின உதவி வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்கிற இடம் அது. கிறிஸ்துவின் பெலன் இருக்கிறது, எனக்கு யாரும் வேண்டாம் என்று பவுலே சொல்லவில்லை.

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி சபைக்காரர் இல்லை, இந்து. நெற்றி நிறைய திருநீற்றோடு சாயங்காலம் ஐந்து மணிக்கு முறம் நிறைய முருங்கைக்கீரையோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து உருவிக்கொண்டிருப்பார். "எப்படி இருக்காரு" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். என் வீட்டுக்காரரால் மென்று தின்னமுடியாது என்று தெரிந்து கஞ்சியை வடிகட்டி, ஆற்றி, தினமும் கொண்டுவந்தார். யோபுவின் நண்பர்களும் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஏழு நாள் ராப்பகலாகத் தரையில் சும்மா கூட உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். நான் ஜெபித்துக் கேட்ட எத்தனையோ காரியங்களுக்கு வந்த பதில் அந்தக் கஞ்சிப் பாத்திரம்தான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. என் மாமியார் ராத்திரி எட்டு மணிக் குடும்ப ஜெபத்தை ஒரு நாள்கூட விடவில்லை. நான் வாயைத் திறக்கமாட்டேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன், அவர் ஞானப்பாட்டைச் சுருதி தப்பிப் பாடி, எங்கள் பேரையெல்லாம் சொல்லி ஜெபித்து முடிப்பார். அந்த மாதங்களில் எனக்கு விசுவாசம் இருந்ததா என்று கேட்டால், என் மாமியாருக்கு இருந்தது, நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்வேன்.

அதனால் கேளுங்கள் தங்கச்சி. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், வேண்டியதைத் துல்லியமாகக் கேளுங்கள். "ஜெபிச்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், "சனிக்கிழமை பிள்ளைகளை டியூஷனில் விட்டுக் கூட்டிவர முடியுமா" என்றால் யாராவது ஒருவர் வருவார். பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கிவந்தால் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், பிரியமாகத்தான் கொண்டுவருவார்கள், ஆனால் அதில் இருக்கிற பொட்டாசியம் டயாலிசிஸில் இருக்கிறவருக்கு ஆபத்து. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு, அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகச் செய்கிறார்கள், மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வதைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இதெல்லாம் செய்தாகிவிட்டது என்றால் நல்லது.

கடனைப் பற்றி எழுதும்போது "வெளியே தலைகாட்ட முடியல" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தீர்கள். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். நாம் பாடுகிற ஞானப்பாட்டுகளில் நிறைய ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினவர் ஜெர்மன் மிஷனரியான பப்ரிஷியஸ் ஐயர், நம் தமிழ் வேதாகமத்தின் நடைக்கும் அவருடைய மொழிபெயர்ப்பு பெரிய அஸ்திபாரம். 18-ம் நூற்றாண்டில் சென்னையில் ஊழியம் செய்தவர். அவர் கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். அவமானத்தோடுதான் இருந்திருப்பார், ஆனால் 200 வருஷத்துக்கு மேலாகியும் துக்க வீட்டில் நம் வாயில் வருகிறது அவர் வார்த்தை. கடன் இருக்கிற வீட்டைக் கர்த்தர் எட்டிப்பார்க்கமாட்டார் என்று நினைக்காதீர்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் ஒரு வண்டி விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் இல்லாமல் போனது, அப்போது இளம் டாக்டர், முப்பது வயதுகூட ஆகவில்லை. மறுபடி அவர் நடக்கவே இல்லை. கூட வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட் தூண்டியதால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார், 1966-ல் வேலூரில் அதற்கென்றே ஒரு மையம் திறக்கப்பட்டது, 1972-ல் பத்மஸ்ரீ. நீங்களும் அவரைப்போல ஆகவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அப்படி யாராவது என்னிடம் அந்த நாட்களில் சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். நான் இதில் பார்ப்பது ஒன்றுதான்: கேட்ட கால்கள் கிடைக்கவில்லை, ஆனால் கதை அங்கே நின்றுவிடவும் இல்லை, திரும்பவும் எழுப்பினது பக்கத்தில் இருந்த ஒரு மனுஷர் சொன்ன வார்த்தை, அதன் பிறகு நடந்ததெல்லாம் வருஷக்கணக்கான மெதுவான வேலை.

ஜெபத்துக்கு என்ன செய்வது என்றால், வார்த்தை வராத வரைக்கும் சொந்த வார்த்தையைத் தேடாதீர்கள். சங்கீதம் 13-ஐ ஒரு தாளில் எழுதி டயாலிசிஸ் பையில் வையுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும்போது வாய்க்குள்ளேயே வாசியுங்கள், 5-ம் வசனம் வரும்போது மனசு ஒட்டவில்லை என்றால் 4-லேயே நிறுத்திக்கொள்ளலாம், நாளைக்கு மறுபடி முதலிலிருந்து. அதுவும் முடியாத நாளில் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்", மாற்கு 9-ல் வியாதிக்காரப் பையனின் அப்பா சொன்னது. அரைகுறை விசுவாசம் என்று அவனே ஒத்துக்கொள்கிறான், இயேசு அதைக் கேட்டுவிட்டு மறுக்கவில்லை. அதுவும் முடியாவிட்டால் பெருமூச்சு. ரோமர் 8:26-ன்படி ஆவியானவர் செய்வதும் அதுதான்.

மூத்தவளுடைய கேள்வி. இதற்குத்தான் ரொம்ப யோசித்தேன். "உன் விசுவாசம் பத்தாது" என்றோ "ஏசப்பாவுக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்கும், அதனால்தான்" என்றோ அவளிடம் சொல்லிவிடாதீர்கள், யாரையும் சொல்லவும் விடாதீர்கள், அந்த வயதில் கேட்டது முப்பது வயதில் முளைக்கும், என் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். லாசரு செத்து நாலாம் நாள் மார்த்தாள் இயேசுவிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள், யோவான் 11. நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். மரியாளும் வந்து அதையே கேட்டாள். இயேசு கோபப்படவில்லை, அழுதார். அதை வாசித்துவிட்டு, "எனக்கும் தெரியல கண்ணு, நானும் அதைத்தான் தினமும் அவர்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன், வா, நீயே கேளு" என்று சொல்லி அவளையே ஜெபிக்க விடுங்கள். அவள் கோபமாகக் கேட்டாலும் திருத்தாதீர்கள். அப்பாவுக்குச் சுகம் வேண்டும் என்று கேட்டால் நீங்கள் ஆமென் சொல்லுங்கள். முடித்ததும் அவளை அப்பா பக்கத்தில் போய்ப் படுக்கச் சொல்லுங்கள், ஊசி குத்தின கையில்லாத பக்கமாக.

உங்கள் வீட்டுக்காரர் பேரையும் பிள்ளைகள் பேரையும் எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள். எங்கள் வீட்டில் எட்டு மணி ஜெபம் இப்போதும் நடக்கிறது, இப்போது நான்தான் நடத்துகிறேன். அதில் பேர் சொல்லி ஜெபிக்கிறேன்.